பங்கா? பந்தயமா?

வெள்ளாற்றங்கரையில் அமைந்த புவனகிரி பெரிய வாணிப நகரமன்று. சிதம்பரத்திற்கும் கடலூருக்கும் செல்லும் பேருந்துகள் நின்று செல்லும் ஊர். தறியும் வயலும் கடைத்தெருவும் சோறு போடும் ஊர். இருபது ஆண்டுகளுக்கு முன் இங்கே பங்குச் சந்தை என்று எவரேனும் சொல்லியிருந்தால், அதுவும் ஒரு வாரச் சந்தை போலும் என்றே பலர் எண்ணியிருப்பர். இன்று நிலைமை வேறு. லுஹர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமரும் இளைஞர்கள் கைபேசியைத் திறந்து, 'நிஃப்டி எத்தனை புள்ளி ஏறியது?' என்று ஒருவரையொருவர் வினவிக் கொள்வதை நாம் நாள்தோறும் கேட்கிறோம்.

இவ்விளைஞர்கள் அறியாப் பிள்ளைகளல்லர், பட்டம் பெற்றவர்கள். அவர்களுக்கென்று ஒரு வாதமும் உண்டு. நம் உறவுப் பிள்ளை ஒருவன் அதனை நமக்கு விளக்கினான்: "மாமா, தனித்தனிக் கம்பெனியின் பங்கைத் தேடிப் பிடித்து வாங்குவதுதான் ஆபத்து. கம்பெனி முதலாளி மோசடி செய்தால் நம் பணம் போய்விடும். நிஃப்டி அப்படியில்லை. அதில் ஐம்பது கம்பெனிகள் இருக்கின்றன. ஐம்பதும் ஒரே நாளில் மூழ்கிவிடுமா? அதனால்தான் நான் பங்குகளைத் தொடுவதில்லை. குறியீட்டெண்ணில் மட்டும் டிரேடிங் செய்கிறேன்."

கேட்பதற்கு நேர்த்தியான வாதம்தான். அதிற் பாதி உண்மையும் கூட. அந்தப் பாதி உண்மையே மறுபாதியை மறைக்கும் திரையாகிவிட்டது என்பதே நம் குற்றச்சாட்டு.

உண்மையான பாதி

முதலில் உண்மையை ஒப்புக்கொள்வோம். குறியீட்டெண் என்பது குறிப்பிட்ட சில பெருநிறுவனங்களின் பங்கு விலைகளைச் சேர்த்துக் கணக்கிட்ட ஓர் எண். மும்பைப் பங்குச் சந்தையின் சென்செக்ஸ் முப்பது நிறுவனங்களைக் கொண்டது. தேசியப் பங்குச் சந்தையின் நிஃப்டி ஐம்பது நிறுவனங்களைக் கொண்டது. 2009 ஜனவரி 7ஆம் நாள் சத்யம் நிறுவனத்தின் தலைவர் கணக்குகளில் தாம் செய்த மோசடியைத் தாமே ஒப்புக்கொண்டபோது, அந்நிறுவனப் பங்கு ஒரே நாளில் தன் விலையில் முக்காற் பங்குக்கும் மேல் இழந்தது. நிஃப்டியோ அன்று ஏறத்தாழ 6 விழுக்காடு மட்டுமே இறங்கியது. சில நாட்களில் சத்யம் நீக்கப்பட்டு அவ்விடத்தில் வேறொரு நிறுவனம் வந்தமர்ந்தது. 2020 மார்ச்சில் யெஸ் வங்கிக்கும் இதுவே நேர்ந்தது. வீழ்ந்தது வெளியேறும், வளர்ந்தது உள்ளே வரும். குறியீட்டெண்ணின் வலிமை இதுவே.

இவ்வுண்மையைக் கண்டே அமெரிக்காவில் ஜான் போகிள் என்பார் 1976இல் பொதுமக்களுக்கென ஒரு குறியீட்டெண் நிதியைத் தோற்றுவித்தார். எந்தப் பங்கு உயரும் என்று ஆருடம் பார்க்க வேண்டா; எல்லாவற்றிலும் சிறிது சிறிது வாங்கி, அசையாமல் வைத்திரு என்பதே அவர் கொள்கை. 1978-79ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்டு 100 என்று வைக்கப்பட்ட சென்செக்ஸ், 2024 ஜூலையில் 80,000ஐக் கடந்தது. தேர்ந்தெடுக்கும் திறமையற்ற எளிய மனிதருக்குத் தனிப்பங்கைவிடக் குறியீட்டெண் ஏற்றது என்பதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் இப்பயனை அடைந்தவர் யார்? வாங்கியவர், வைத்திருந்தவர். ஐம்பது நிறுவனங்களில் உழைக்கும் இலட்சக்கணக்கான மக்களின் உழைப்பில் விளையும் இலாபத்தில் தமக்குரிய சிறு பங்கைப் பெற்றவர். நம் உறவுப் பிள்ளை செய்வது இதுவா?

தடம் மாறும் இடம்

அவன் வாங்குவது குறியீட்டெண் நிதியன்று. குறியீட்டெண்ணின் மீது எழுதப்பட்ட ஒப்பந்தம். ஃப்யூச்சர்ஸ் என்றும் ஆப்ஷன் என்றும் அதற்குப் பெயர். நம் நாட்டில் 2000 ஜூன் மாதத்தில் குறியீட்டெண் ஃப்யூச்சர்ஸும், அடுத்த ஆண்டு குறியீட்டெண் ஆப்ஷனும் தொடங்கின. இவ்வொப்பந்தம் முடியும் நாளில் எந்தப் பங்கும் எவர் பெயருக்கும் மாறுவதில்லை; எந்தச் சரக்கும் எவர் கைக்கும் வருவதில்லை. எண் ஏறினால் ஒருவர் மற்றவருக்குப் பணம் தருகிறார். இறங்கினால் மற்றவர் இவருக்குத் தருகிறார். ஐம்பது நிறுவனங்களின் உழைப்பில் ஒரு காசும் இதன் வழியே வருவதில்லை. ஒருவர் பெறும் ஒவ்வொரு ரூபாயும் இன்னொருவர் இழந்த ரூபாயே. தரகும் வரியும் சந்தைக் கட்டணமும் நடுவே கழிவதால், எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் மிஞ்சுவது நட்டமே.

பங்கு வைத்திருப்பவர் பொறுத்திருக்கலாம். விலை இறங்கினால் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்வோம் என்று காத்திருக்கலாம். வார ஆப்ஷன் வாங்கியவருக்குப் பொறுமையே நட்டம். பரங்கிப்பேட்டையிலிருந்து வரும் மீனுக்கு ஐஸ் வைப்பதைப் பார்த்திருக்கிறோம். மீன் விற்றாலும் விற்காவிட்டாலும் ஐஸ் கரைந்து கொண்டே இருக்கும். ஆப்ஷனுக்குக் கொடுத்த விலையும் அவ்வாறே. எண் ஏறும் என்று நம்பி ஒருவர் 100 ரூபாய் கொடுத்து வாங்குகிறார். எண் இறங்க வேண்டியதில்லை. இருந்த இடத்திலேயே நின்றாலும் போதும், முடிவு நாளன்று அந்த நூறு ரூபாய் ஒன்றுமில்லாமற் போய்விடக்கூடும். 2025 செப்டம்பரிலிருந்து நிஃப்டிக்குச் செவ்வாயும் சென்செக்ஸுக்கு வியாழனும் முடிவு நாட்களாயின.

நாற்பத்தைந்து ஆண்டுகளில் விளைந்த வளர்ச்சியைக் காட்டி ஐந்து நாள் ஆயுளுள்ள சீட்டை விற்பது எவ்வகை நேர்மை? குறியீட்டெண்ணின் நற்பெயர் வைத்திருப்பவர் தேடித் தந்தது. அப்பெயரைக் கூறிக் கடை விரிப்பது பந்தயம்.

'குறியீட்டெண் மூழ்காது'

எண் மூழ்காது என்பது மெய். ஆனால் எண் மூழ்குவதற்கு முன் ஆள் மூழ்கிவிடுவார் என்பதை இவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. 2024 ஜூன் 4ஆம் நாள், நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வெளியான அன்று, நிஃப்டி ஒரே நாளில் 1,379 புள்ளி, அதாவது 5.9 விழுக்காடு சரிந்தது. பங்குகளை வைத்திருந்தவர் சில நாட்களில் இழந்ததைத் திரும்பப் பெற்றார். ஒப்பந்தக்காரர் நிலை என்ன? 2024 நவம்பர் முதல் புதிதாக வரும் குறியீட்டெண் ஒப்பந்தத்தின் மதிப்பு குறைந்தது 15 இலட்சம் ரூபாய் இருக்க வேண்டும் என்பது விதி. அம்மதிப்புள்ள ஃப்யூச்சர்ஸ் ஒப்பந்தம் ஒன்று அன்று கையிலிருந்தால், ஒரு பகற்பொழுதில் ஏறத்தாழ 89,000 ரூபாய் போயிருக்கும். முழுத் தொகையும் கட்ட வேண்டியதில்லை, சிறு பகுதியைப் பிணையாகக் கட்டினாற் போதும் என்பதே இவ்வாணிபத்தின் கவர்ச்சி. அதுவே அதன் கண்ணி.

பெரிய சான்று ஒன்று சிங்கப்பூரில் உண்டு. அந்நகரம் நம்மவர்க்குப் புதியதன்று. சூலியா தெரு என்னும் பெயர் அங்கே நம் முன்னோரின் சுவடாக இன்றும் நிற்கிறது. அங்கிருந்து பிரிட்டனின் பேரிங்ஸ் வங்கிக்காக வாணிபம் செய்தவர் நிக் லீசன் என்ற இளைஞர். அவ்வங்கியோ 1762இல் தோன்றியது. லீசன் வீழ்ந்தது ஏதோ ஒரு மோசடிக் கம்பெனியின் பங்கை வாங்கியன்று. ஜப்பானின் 225 பெருநிறுவனங்களைக் கொண்ட நிக்கேய் குறியீட்டெண் மீது கட்டிய ஒப்பந்தங்களால். 1995 ஜனவரி 17இல் கோபே நகரில் நிலநடுக்கம் நேர்ந்தது. எண் இறங்கியது. லீசன் இழப்பை மறைத்து மேலும் மேலும் கட்டினார். முடிவில் நட்டம் 82 கோடிப் பவுனுக்கும் மேல். இருநூறு ஆண்டுகளைக் கடந்து நின்ற வங்கி ஒரே ஒரு பவுனுக்கு விற்கப்பட்டது. லீசன் சிங்கப்பூர்ச் சிறைக்குச் சென்றார். நிக்கேய் குறியீட்டெண் மூழ்கவில்லை, இன்றும் இருக்கிறது. மூழ்கியது வங்கி.

'யாரும் ஆட்டிவைக்க முடியாது'

ஒரு பங்கின் விலையைப் பணக்காரர் ஆட்டிவைக்கலாம், ஐம்பது பங்கின் எண்ணை யார் ஆட்ட முடியும் என்பது அடுத்த வாதம். 2025 ஜூலையில் பங்குச் சந்தை ஒழுங்காணையமான செபி, ஜேன் ஸ்ட்ரீட் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் மீது இடைக்கால ஆணை பிறப்பித்தது. வங்கிப் பங்குகளை வாங்கியும் விற்றும் வங்கிக் குறியீட்டெண்ணைத் திசைமாற்றி, ஆப்ஷன்களில் அந்நிறுவனம் இலாபம் கண்டதாகக் குற்றஞ்சாட்டி, 4,843 கோடி ரூபாயை முடக்கியது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்து மேல்முறையீடு செய்தது. குற்றம் மெய்யா பொய்யா என்று தீர்ப்புக் கூற நாம் முற்படவில்லை. ஆயினும், ஆட்டிவைக்கவே இயலாது என்று அரசின் ஆணையமே நம்பவில்லை என்பது தெளிவு. புவனகிரிப் பிள்ளை எதை நம்பிக் களம் இறங்குகிறான்?

கணக்கு கூறுவது

நம் சொல்லை நம்ப வேண்டா. அதே செபியின் கணக்கை நோக்குக. 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் இவ்வொப்பந்தங்களில் ஈடுபட்ட தனிமனிதர் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர். அவர்களுள் நூற்றுக்கு 93 பேர் இழந்தனர். மொத்த இழப்பு 1.8 இலட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். எல்லாச் செலவும் போக ஓர் இலட்சத்திற்கு மேல் ஈட்டியவர் நூற்றுக்கு ஒருவரே. 2024-25இல் இழந்தோர் நூற்றுக்கு 91 பேர். இழப்பு 1,05,603 கோடி. இக்கணக்கில் தனிப்பங்குகளின் மீதான ஒப்பந்தங்களும் அடங்கும். எனினும் இவ்வாணிபத்தின் பெரும்பகுதி குறியீட்டெண் ஆப்ஷன்களிலேயே நடைபெறுகிறது.

இப்பணம் எங்கே சென்றது? 2023-24 ஓராண்டில் மட்டும், சொந்தப் பணத்தில் ஆடும் தரகு நிறுவனங்கள் 33,000 கோடியும், வெளிநாட்டு முதலீட்டாளர்கள் 28,000 கோடியும், செலவு கழிக்கும் முன், ஈட்டினர். அவ்விலாபத்தில் மிகப் பெரும்பகுதி மனிதக் கைகளால் ஈட்டியதன்று; கணினி நிரல்களால் ஈட்டியது. இமைப்பொழுதில் ஆயிரம் ஆணைகளிடும் இயந்திரத்தோடு, பேருந்தில் நின்றபடி கைபேசியைத் தட்டும் பிள்ளை போட்டியிடுகிறான்.

ஆடுவோரில் முப்பது வயதுக்குட்பட்டோர் நூற்றுக்கு 43 பேர். ஆண்டு வருமானம் ஐந்து இலட்சத்திற்குக் குறைவு என்று கூறியோர் நான்கில் மூவர். பெருநகரங்களைத் தாண்டிய சிற்றூர்களைச் சேர்ந்தோர் நூற்றுக்கு 72 பேர். புவனகிரி போன்ற ஊர்களும் இந்த 72இல்தான் அடங்கும். இரண்டாண்டு தொடர்ந்து இழந்தவர்களில் முக்காற் பங்கினர் மூன்றாம் ஆண்டும் ஆடினர் என்கிறது அதே கணக்கு. வாணிபத்தில் இழந்தவன் சரக்கை மாற்றுவான். இழந்ததை மீட்க மீண்டும் அதே பலகையில் அமர்பவனை நம் மொழி வேறு பெயரால் அழைக்கும்.

நம் உறவுப் பிள்ளையும் அவ்வாறே அமர்ந்தான். அவனுடைய அத்தா பதினெட்டு ஆண்டுகளாக வளைகுடாவில் உழைப்பவர். தங்கையின் திருமணத்திற்கென்று அனுப்பிய பணம் முதலிற் போயிற்று. அதனை மீட்பதற்காக உம்மாவின் வளையல்கள் அடகுக் கடைக்குச் சென்றன. வளையல் இல்லாத கையை மறைக்க அந்த உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டதை நாம் கண்டோம். அதன் பின்னரே இக்கட்டுரை எழுதத் துணிந்தோம்.

மார்க்கத்தின் எல்லை

மைசிர் என்னும் சூதாட்டத்தைத் திருமறை விலக்கியிருப்பதை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். இது சூதா, வாணிபமா என்பதே வினா. 1992 மே மாதம் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் பிக்ஹு அகாடமி இதனை ஆராய்ந்தது. ஆகுமான தொழில் செய்யும் நிறுவனங்களின் பங்குகளைக் கொள்வது ஆகுமானது என்றும், குறியீட்டெண்ணையே விற்பதும் வாங்குவதும் வெறும் சூதாட்டம் ஆதலின் கூடாது என்றும் அது தீர்மானித்தது. எண் என்பது கணக்கே தவிர உடைமையன்று என்பதே அதன் கருத்து. நம் உறவுப் பிள்ளை ஆபத்து என்று விலக்கியது ஆகுமான வழி. பாதுகாப்பு என்று பற்றியது விலக்கப்பட்ட வழி!

நமக்கு வாணிபம் புதியதன்று. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அன்னை கதீஜா (ரலி) அவர்களின் சரக்கைக் கொண்டு சிரியாவுக்குச் சென்று வாணிபம் செய்தார்கள். வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டைத் துறையில் மரக்கலம் விட்ட நம் முன்னோர் கூட்டாகப் பங்கு போட்டனர். புயல் வந்தால் எல்லாருக்கும் இழப்பு. கலம் கரைசேர்ந்தால் எல்லாருக்கும் ஆதாயம். ஒருவர் நட்டத்தில் மற்றவர் இலாபம் என்பது அங்கே இல்லை. கலத்தில் பங்கு கொள்வது வேறு. கலம் கரை சேருமா என்று கரையில் நின்று பந்தயம் கட்டுவது வேறு.

சேமிப்பைப் பெருக்க விரும்பும் குடும்பங்களுக்கு வழி அடைபட்டுவிடவில்லை. நிஃப்டியில் வட்டி வங்கிகள் பெரும் இடம் வகிப்பதால் அதன் நிதி நமக்குப் பொருந்தாது எனலாம். அதற்கென்றே ஷரீஅத் நெறிப்படி வடிகட்டிய குறியீட்டெண்கள் உள்ளன. மும்பைச் சந்தையில் 2010 டிசம்பரிலேயே அத்தகைய ஒன்று தொடங்கப்பட்டது. அவ்வழி நடக்கும் நிதிகளும் உள்ளன. ஆலிம்களிடம் கேட்டு, மெல்ல மெல்லச் சேர்த்து, ஆண்டுக்கணக்கில் பொறுத்திருக்க விரும்புவோர் அவற்றை ஆராயட்டும்.

பிள்ளை நாள் முழுதும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கைபேசியை நோக்கியிருந்தால், ஏதோ படிக்கிறான் என்று பெற்றோர் வாளாவிருக்க வேண்டா. அருகில் அமர்ந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "வாப்பா, நீ வாங்கியது பங்கா, பந்தயமா? நாளை சந்தை மூடிய பின் உன் பெயரில் என்ன இருக்கும்?" சொல்ல ஒரு பொருள் இருந்தால் அவன் வாணிபன். ஒன்றுமில்லை என்றால், வளையல்கள் இன்னும் வீட்டிலிருக்கும்போதே அவனை எழுப்பி அழைத்து வாருங்கள். ஏசி விரட்டாதீர்கள், விரட்டப்பட்டவன் மீண்டும் அந்தப் பலகைக்கே செல்வான்.