மவுஸைப் பிடுங்காதீர்கள்!

'கண் தெரியாதவளுக்குக் கம்ப்யூட்டர் எதற்கு' என்று இப்போது யாரும் முகத்துக்கு நேரே கேட்பதில்லை. அந்த மட்டும் சந்தோஷம். ஆனால் அது பாதியில் நின்றுவிட்டால் போதும், பக்கத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும், 'நீ நகரும்மா, நான் பார்க்கிறேன்' என்று கையை விலக்கிவிட்டு மவுஸைப் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை.

எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவின் வரவு செலவை லேப்டாப்பில் எழுதி வைப்பது என் பொறுப்பு. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்ல என்விடிஏ என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன் 2006-ல் ஆரம்பித்தது. அவருக்கும் பார்வை கிடையாது. அதனால்தானோ என்னவோ, காசு வாங்காமலே கொடுக்கிறார்கள். தமிழும் படிக்கும். குரல் மட்டும் தகரத்தைத் தட்டுகிற மாதிரி இருக்கும். 'யாருடி அது வீட்டுக்குள்ளே?' என்று முதல் நாள் என் மாமியார் பயந்தே போனார்.

ஃபைல் எக்ஸ்ப்ளோரர் என்பது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பீரோ. நம் ஃபைல் எல்லாம் அதில்தான் அடுக்கியிருக்கும். ஆயிரக்கணக்கில் போட்டோ உள்ள போல்டரைத் திறந்தாலோ, கெட்டுப்போன பென் டிரைவைச் செருகினாலோ சில சமயம் இந்த பீரோ இறுகிக்கொள்ளும். பார்வை உள்ளவர்களுக்கு வட்டம் சுற்றுவது தெரியும், ஜன்னல் வெளுப்பது தெரியும், மேலே 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று எழுதியிருப்பதும் தெரியும். எங்களுக்கு வெறும் மௌனம்தான். எக்ஸ்ப்ளோரர் பதில் சொன்னால்தானே என்விடிஏ நமக்குச் சொல்லும்? அதுவும் வாயடைத்து நிற்கும். நின்றது பீரோவா, படிக்கிற குரலா, ஸ்பீக்கரா, பெட்டியே போய்விட்டதா என்று தெரியாமல் வயிற்றைக் கலக்கும் பாருங்கள், அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

போன வருஷம் இப்படித்தான் ஆனது. பழுது பார்க்கிற கடையிலிருந்து வேறு வேலையாக எங்கள் தெருவுக்கு வந்திருந்த பையன் உள்ளே வந்தான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைத்துவிட்டான். இன்னொரு ஜன்னலில் அந்த மாதச் சந்தாக் கணக்கு பாதி எழுதியபடி திறந்திருந்தது. அத்தனையும் போச்சு. மறுநாள் சாயங்காலம் முழுக்கக் குழுப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து பாஸ் புத்தகத்தைப் படித்துச் சொல்ல, மறுபடி எழுதினேன். 'சரி பண்ணிட்டேன்க்கா' என்று அவன் சொன்ன தோரணை இன்னும் காதில் இருக்கிறது.

அந்தக் கணக்கு பிழைத்திருக்க வழி இருந்தது, அதுதான் எனக்கு ஆற்றாமை. நானே செய்கிற முறை இது. முதலில் ஒரு நிமிஷம் சும்மா இருப்பேன். பாதி நேரம் அதுவாகவே தெளிந்துவிடும். பிறகு இன்சர்ட் கீயோடு எஃப் 12 அழுத்துவேன். என்விடிஏ மணி சொன்னால் அதற்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். ஆல்ட், டேப் அழுத்தி வேறு ஜன்னலுக்குப் போய், அங்கே பேச்சு வந்தால் பீரோ மட்டும்தான் மாட்டியிருக்கிறது. மணியும் சொல்லாவிட்டால் கன்ட்ரோல், ஆல்ட், என். இது என்விடிஏவைத் திரும்ப எழுப்பும். இதில் ஒரு வேடிக்கை. இந்தக் கீகளைக் கவனித்து வேலை ஏவுவதே அந்த எக்ஸ்ப்ளோரர்தான்! அது தூங்கினால் இதுவும் சமயத்தில் வராது. அப்போது விண்டோஸ் கீ, கன்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால், விண்டோஸிலேயே இருக்கிற நேரேட்டர் என்ற இன்னொரு குரல் பேச ஆரம்பிக்கும். மாற்றுச் சாவி மாதிரி.

அடுத்தது கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அந்தப் பட்டியலில் அம்புக்குறி கீயால் இறங்கி 'விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்' என்று கேட்டதும் ஷிப்டும் எஃப் 10-ம் அழுத்தி, 'ரீஸ்டார்ட்' கொடுத்தால் பீரோ மட்டும் மூடித் திறக்கும். ஏதாவது ஃபைல் காப்பி ஆகிக்கொண்டிருந்தால் அது பாதியில் நிற்கும், அவ்வளவுதான். மற்ற ஜன்னலில் எழுதிக்கொண்டிருந்த கணக்கு அப்படியே இருக்கும். மவுஸைத் தொடவே வேண்டாம்.

'உதவிக்கு வந்தவங்களைப் போய்க் குறை சொல்லலாமா?' என்கிறார் என் வீட்டுக்காரர். உதவி வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. குரல் சுத்தமாகப் போய்விட்ட நேரத்தில் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று வாய்விட்டுப் படித்தால் அதுவே பெரிய உபகாரம். 'நாட் ரெஸ்பாண்டிங்னு இருக்கு, கீழே ரெண்டு பட்டன் இருக்கு' என்றால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்வேன். அடுப்பில் குழம்பு பொங்கினால் கரண்டியைப் பிடுங்கவா செய்கிறீர்கள்? 'பொங்குது' என்று குரல் கொடுத்தால் நாங்கள் அணைக்க மாட்டோமா? நீங்களே மவுஸில் தட்டிச் சரி செய்துவிட்டுப் போனால், எங்கே என்ன செய்தீர்கள் என்று எங்களுக்குத் தெரியாது. அடுத்த தடவை நின்றால் மறுபடி உங்களைத்தான் தேட வேண்டும். பகல் பதினோரு மணிக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள்?

கடைக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் லேப்டாப் வந்தால், 'தேவையில்லாத சாஃப்ட்வேர்' என்று என்விடிஏவை எடுத்துவிடாதீர்கள். எனக்கு ஒரு தடவை அப்படி ஆகி, வீட்டுக்கு வந்து திறந்தால் பெட்டி ஊமை! இப்போதெல்லாம் பழுதுக்குக் கொடுக்கும்போது, 'கேட்காமல் எதையும் அழிக்கக் கூடாது. திருப்பித் தருமுன் பேசுகிறதா என்று பார்க்கவும்' என்று மகளை எழுதச் சொல்லி மூடிமேல் ஒட்டித்தான் அனுப்புகிறேன்.

- ஒரு வாசகி, கரூர்.