வரியும் நிவாரணமும்: உழைக்கும் குடும்பத்துக்கு நீதி எங்கே?

இந்நாட்டில் இரு வகை மக்கள் வாழ்வதாக ஓர் எண்ணம் எம்மவரிடையே வேரூன்றிப் போயிருக்கிறது. ஒரு சாரார் வரி செலுத்துவோர்; மறு சாரார் நிவாரணம் பெறுவோர். முன்னையவர் நாட்டைச் சுமக்கிறார்கள் என்றும் பின்னையவர் நாட்டுக்குச் சுமையாக இருக்கிறார்கள் என்றும் பேசப்படுகிறது. அரசியல் மேடைகளிலும் அலுவலகங்களிலும் மட்டுமன்றி, பூசை முடிந்து ஆலய முற்றத்தில் கூடி நிற்போர் மத்தியிலும் இப்பேச்சு அடிபடுகிறது. கூலி வேலைக்குப் போகும் தாயும் வலை இழுக்கும் தகப்பனும் இதைக் கேட்டுத் தலைகுனிந்து போகிறார்கள்.

இந்த எண்ணம் தவறானது. நிவாரணம் பெறும் குடும்பமும் நாள்தோறும் வரி செலுத்துகிறது. அதற்கு இறைவரித் திணைக்களத்தில் கோவை இல்லை, இலக்கம் இல்லை, அவ்வளவே வேறுபாடு. அரசு எவ்வாறு எடுக்கிறது, எவ்வாறு கொடுக்கிறது என்பவற்றைப் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்த்தால்தான் உழைக்கும் குடும்பத்துக்கு இழைக்கப்படும் அநீதி புலப்படும்.

கூப்பன் அரிசி முதல் அஸ்வெசும வரை

1942ம் ஆண்டு யுத்த காலத்தில் ஆரம்பமான கூப்பன் அரிசி, நெடுங்காலம் ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களுக்கும் உரியதாக இருந்தது. 1953ம் ஆண்டு அதன் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது நாடு கொதித்தெழுந்தது. ஆகஸ்ட் 12ம் திகதி ஹர்த்தால் நடைபெற்றது. பிரதமர் டட்லி சேனநாயக்க அதே ஆண்டு பதவி துறந்தார். அன்று மக்கள் அரிசியைப் பிச்சையாகக் கருதவில்லை, தமது உரிமையாகவே கருதினார்கள்.

1979ல் உணவு முத்திரை வந்தது. முத்திரையில் அச்சிட்ட தொகை நின்ற இடத்தில் நிற்க, கடை விலைகள் ஏறிக்கொண்டே போயின. 1989ல் ஜனசவிய வந்தது. அதன் கீழ் தெரிவான குடும்பத்துக்கு மாதம் 2,500 ரூபா என 24 மாதங்களுக்கு ஒதுக்கப்பட்டது. அதில் 1,458 ரூபா நுகர்வுக்கும் மிகுதி சேமிப்புக்கும் உரியது. 1995ல் சமுர்த்தி அதன் இடத்தைப் பிடித்தது. 2023ம் ஆண்டு ஜூலையில் அஸ்வெசும நடைமுறைக்கு வந்தது. அதன் நான்கு பிரிவுகளுக்கும் முறையே 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா என மாதக் கொடுப்பனவு நிர்ணயிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் வறியோருக்கான தொகை 10,000 ரூபாவாகவும் மிக வறியோருக்கான தொகை 17,500 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது.

ஓர் எண்ணைக் கவனிக்க வேண்டும். ஜனசவிய காலத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்டது 2,500 ரூபா. 34 ஆண்டுகள் கழித்து அஸ்வெசும தொடங்கியபோது அதன் அடிப்படியில் இருந்த கொடுப்பனவும் அதே 2,500 ரூபாதான். அன்றைய ரூபாவையும் இன்றைய ரூபாவையும் சந்தைக்குக் கொண்டுபோன எவருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அஸ்வெசுமவில் நல்ல அம்சங்கள் இல்லாமல் இல்லை. பணம் நேரே வங்கிக் கணக்குக்கு வருகிறது. கட்சிக்காரரின் கடிதம் தேவையில்லை என்பது கொள்கையளவிலேனும் ஏற்கப்பட்டுள்ளது. குறை வேறிடத்தில் இருக்கிறது.

எடுக்கும் கை

பெறுமதி சேர் வரி 2019 டிசம்பரில் 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. அவ்வேளையில் வருமான வரியிலும் பெருஞ் சலுகைகள் வழங்கப்பட்டன. அரசின் வருமானம் சரிந்து நாடு வங்குரோத்தான பின்னர் அவ்வரி 2022ல் 12 வீதமாகவும், அதே ஆண்டில் 15 வீதமாகவும், 2024 ஜனவரி முதல் 18 வீதமாகவும் உயர்ந்தது. அதுவரை விலக்களிக்கப்பட்டிருந்த பெற்றோல், டீசல், சமையல் எரிவாயு ஆகியவையும் அன்று முதல் இவ்வரிக்குள் வந்தன. இதே காலத்தில் நாட்டின் வறுமை ஏறக்குறைய இரு மடங்காயிற்று. உலக வங்கியின் மதிப்பீட்டின்படி 2019ல் 11.3 வீதமாக இருந்த வறியோர் தொகை 2022ல் 25 வீதமாயிற்று. சலுகையின் பெரும்பங்கை அனுபவித்தோர் ஒரு சாரார். அதற்கான கடனை அடைக்க அழைக்கப்பட்டோர் எல்லாரும்.

அரிசி, பாண், மரக்கறி போன்றவற்றுக்கு இவ்வரி இல்லை என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் ஒரு குடும்பம் அரிசியோடு மட்டும் வாழ்வதில்லை. சவர்க்காரம், பற்பசை, பிள்ளைகளின் கொப்பி, சப்பாத்து, எரிவாயு, தொலைபேசிக்குப் போடும் பணம், கூரைக்குத் தகரம், ஒரு பை சீமெந்து எல்லாவற்றிலும் வரி ஒளிந்திருக்கிறது. கிராமத்துச் சிறு கடைக்காரர் வரிக்குப் பதிவு செய்யாதவராக இருக்கலாம். அவர் மொத்த வியாபாரியிடம் வாங்கிய விலையில் வரி ஏற்கனவே ஏறிவிட்டது. மரக்கறிக்கு வரியில்லை, அதை ஏற்றிவரும் லொறியின் டீசலுக்கு உண்டு.

ஒரு கணக்குப் பார்ப்போம். மாதம் 60,000 ரூபா உழைக்கும் குடும்பம் ஒன்று வரிக்குட்பட்ட பொருள்களை 23,600 ரூபாவுக்கு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். அதில் 3,600 ரூபா பெறுமதி சேர் வரி. உழைப்பில் 6 வீதம் போய்விட்டது. மாதம் 600,000 ரூபா வருமானமுள்ள குடும்பம் அத்தகைய பொருள்களை 118,000 ரூபாவுக்கு வாங்கினால் 18,000 ரூபா வரி. அதன் வருமானத்தில் 3 வீதம். மிகுதியை அக்குடும்பம் சேமிக்கலாம், காணி வாங்கலாம். வறிய குடும்பத்துக்குச் சேமிக்க ஏதுமில்லை. வருவதெல்லாம் கடைக்கே போகிறது. ஆதலால் இவ்வரி இல்லாதவன் மேலேயே இரு மடங்கு பாரமாக விழுகிறது.

இந்த முதற் குடும்பம் அஸ்வெசுமவில் மாதம் 5,000 ரூபா பெற்றாலும் அதில் 3,600 ரூபா வரியாகத் திரும்பிப் போய்விடுகிறது. ஒன்றுமே பெறாவிட்டால் ஆண்டுக்கு 43,200 ரூபா வரி செலுத்திவிட்டு, 'வரி செலுத்தாதவர்' என்ற பெயரையும் சுமக்கிறது.

வரியைக் குறைத்தால் போதுமா என்றால் அதுவும் இல்லை. 2020 ஒக்ரோபரில் சீனி மீதான விசேட வியாபாரப் பண்ட வரி கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாகக் குறைக்கப்பட்டது. அரசு பெருந்தொகை வருமானத்தை இழந்தது. கடையில் விலை அவ்வளவுக்குக் குறையவில்லை. 2023 நவம்பரில் அதே வரி மீண்டும் 50 ரூபாவாயிற்று; அதைச் சுமந்தவர் தேநீருக்குச் சீனி வாங்கும் தொழிலாளி. குறைப்பின் பயன் நடுவிலே நின்றுவிட, உயர்வின் பாரம் அடிவரை இறங்கி வந்தது.

கொடுக்கும் கை

அஸ்வெசுமவுக்குத் தகுதியுடையோரைத் தெரிவு செய்ய 22 குறிகாட்டிகள் வகுக்கப்பட்டன. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்பன அதில் அடங்கும். முதற் பட்டியல் வெளிவந்ததும் பல இலட்சம் மேன்முறையீடுகள் குவிந்தன. அளவுகோல் எங்கோ பிசகியிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

யுத்தத்தின் பின் மீள்குடியேறிய வன்னிக் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வீட்டுத் திட்டத்தில் கட்டிய கல் வீடு கண்ணுக்குத் தெரிகிறது. அதைக் கட்டி முடிக்கப் பட்ட நுண்கடன் கண்ணுக்குத் தெரிவதில்லை. மீனவனின் படகும் இயந்திரமும், கமக்காரனின் கை உழவு இயந்திரமும், கூலித் தொழிலாளி தொலைதூர வேலைக்குப் போகும் பழைய மோட்டார் சைக்கிளும் சொத்தாகப் பார்க்கப்படுகின்றன. 2022 ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் பாய்ந்தபோது, சிறு படகுகள் பல கரையிலேயே கிடந்தன. கரையில் கிடக்கும் படகு சோறு போடாது. உழைக்கும் கருவியை வசதியின் அடையாளமாகக் கொள்வது உழைப்புக்கே தண்டம் விதிப்பதாகும்.

மலையகத் தோட்டக் குடும்பங்களின் கதையும் இதற்கு நெருங்கியதே. கணவன், மனைவி இருவரும் தோட்டத்திலே பெயர் பதிந்தவர்கள்; ஆகவே வருமானம் உள்ளவர்கள் என்ற காரணத்தால், சமுர்த்திக் காலத்தில் தோட்டப்புறங்களில் உள்வாங்கப்பட்டோர் மிகச் சிலரே. நாட்சம்பளம் 2021ல் 1,000 ரூபாவாகவும் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாகவும் உயர்ந்தது. நாட்சம்பளம் என்பது வேலை கிடைத்த நாளுக்கே என்பதையும், நிர்ணயித்த அளவு கொழுந்து பறித்தால்தான் முழுப்பேர் விழும் என்பதையும் படிவங்கள் அறியா.

வேறொரு தடங்கலும் உண்டு. வறியோர் பிரிவில் 10,000 ரூபா பெறும் வீட்டில் மூத்த மகள் ஆடைத் தொழிற்சாலையொன்றில் சேர்கிறாள் என்போம். தேசிய ஆகக்குறைந்த சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாயிற்று. அதிலே ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதமாக 2,160 ரூபா கழியும். பஸ் செலவும் சாப்பாடும் போகும். அவளது சம்பளத்தைக் காட்டி 10,000 ரூபாவும் நிறுத்தப்பட்டால், ஒரு மாதம் முழுவதும் நின்றுழைத்ததால் வீட்டுக்குக் கிடைத்த மேலதிகம் எவ்வளவு? வேலைக்குப் போவதை மறைக்கும் எண்ணத்தை ஒரு சட்டமே மனிதருக்கு ஊட்டலாமா?

குடும்பம் எப்போது தெரிகிறது?

இரண்டு கைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விந்தை தெரியும். கொடுக்கும்போது அரசு முழுக் குடும்பத்தையும் பார்க்கிறது. மகனின் கூலி, மகளின் சம்பளம், வீடு, மாடு எல்லாவற்றையும் கூட்டிக் கணக்கெடுக்கிறது. எடுக்கும்போது குடும்பம் மறைந்துபோகிறது. பெறுமதி சேர் வரிக்குப் பிள்ளைகளின் தொகை தெரியாது. பிள்ளைகள் கூடக் கூட வரிதான் கூடும்.

வருமான வரியிலும் இதே நிலைதான். 2025 ஏப்ரல் முதல் மாதம் 150,000 ரூபா வரையான வருமானத்துக்கு வரியில்லை. நான்கு பிள்ளைகளோடும் வயோதிபப் பெற்றோரோடும் தனியொருவராக 300,000 ரூபா உழைப்பவர் மாதம் 18,500 ரூபா வரி செலுத்துகிறார். கணவனும் மனைவியும் ஆளுக்கு 150,000 உழைக்கும், பிள்ளைகளில்லாத வீட்டில் வருமான வரியே இல்லை. இத்தொகைகளை எட்டுவோர் கிராமங்களில் மிகச் சிலர் எனினும், கோளாறு ஒன்றே.

திருச்சபை இவ்விடயத்தில் மௌனமாக இருக்கவில்லை. பாப்பரசர் 23ம் அருளப்பர் 1961ல் வெளியிட்ட 'மாத்தர் எத் மாஜிஸ்த்ரா' சுற்றுமடல், வரிச்சுமை அவரவர் தாங்கும் வலுவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று போதிக்கிறது. அதிலும், விவசாயியின் வருமானம் பிந்தி வருவது, ஆபத்துக்கள் நிறைந்தது என்பதை அரசுகள் மறக்கலாகாது என்று வற்புறுத்துகிறது. காணிக்கைப் பெட்டியில் கைம்பெண் இட்ட இரு காசுகளை எமதாண்டவர் எவ்வாறு நிறுத்துப் பார்த்தார் என்பதை நாம் அறிவோம். இட்ட தொகையை அவர் பார்க்கவில்லை; இட்டபின் அவளிடம் எஞ்சியிருந்ததைப் பார்த்தார். வரி விதிப்போர் கற்கவேண்டிய கணக்கு அது.

நாம் கேட்பவை

1. தொழில் செய்யும் கருவியை ஆடம்பரச் சொத்திலிருந்து பிரித்துக் கணக்கிட வேண்டும். கடனும் கணக்கில் வரவேண்டும்.

2. வீட்டில் ஒருவருக்கு வேலை கிடைத்ததும் கொடுப்பனவை ஒரேயடியாக நிறுத்தாது, ஓரிரு ஆண்டுகளில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

3. விலைவாசிக்கேற்பக் கொடுப்பனவை ஆண்டுதோறும் திருத்த வேண்டும். உணவு முத்திரைக்கு நேர்ந்த கதி திரும்ப வரலாகாது.

4. பாடசாலைப் பொருள்கள், சவர்க்காரம் போன்ற அன்றாடத் தேவைகளை வரியிலிருந்து நீக்கி, அந்த இழப்பைப் பெருஞ் சொத்து, பெரும் இலாபம், வரி ஏய்ப்பு ஆகியவற்றிலிருந்து ஈடுசெய்ய வேண்டும்.

5. வருமான வரியில் பிள்ளைகளுக்கும் தங்கி வாழ்வோருக்கும் கழிவு வழங்க வேண்டும்.

6. நிராகரிக்கப்படும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் காரணம் எழுத்தில், அதன் சொந்த மொழியில் கொடுக்கப்பட வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

கோரிக்கை விடுவதோடு எமது கடமை முடிந்துவிடாது. ஒவ்வொரு பங்கிலும் உள்ள மாதர் சங்கம், மீனவர் சங்கம், கமக்காரர் அமைப்பு ஆகியன ஒரு மாதத்துக்குத் தம் அங்கத்தவர்களின் பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து, அவற்றில் காட்டப்பட்ட வரியைக் கூட்டிப் பார்க்கட்டும். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு மக்கள் பிரதிநிதிகளைச் சந்திக்கட்டும். 2016ம் ஆண்டின் 12ம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், தனது விண்ணப்பம் ஏன் நிராகரிக்கப்பட்டது என்று பிரதேச செயலகத்திடம் கேட்க எந்தப் பிரசைக்கும் உரிமை உண்டு. 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் அறிவிக்கப்பட வேண்டும். எழுத்தறிவு குறைந்தோருக்கு அம்மனுவை எழுதிக் கொடுப்பது எமது இளைஞர்களுக்கு ஏற்ற தொண்டு.

நிவாரண வரிசையில் நிற்கும் தாய், போன மாதம் கடையில் விட்டு வந்த தன் சொந்தப் பணத்தின் ஒரு பகுதியைத்தான் திரும்பக் கேட்கிறாள். அவளைத் தலைநிமிர்ந்து நிற்கச் செய்வதும், கதவின் அப்புறத்தில் இருப்பவர் அவளை ஒரு வரியிறுப்பாளராக மதித்து எழுந்து பதில் சொல்லச் செய்வதும் எம் எல்லாரதும் பொறுப்பாகும்.