கம்பைலரைத் திட்டாதீங்க

இருபது வருஷமா ஒழுங்கா ஓடின கோபோல் ப்ரோக்ராம், 2013-ல வந்த ஐபிஎம் 5-ஆம் பதிப்பு கம்பைலருக்கோ அதுக்கப்புறம் வந்ததுக்கோ மாத்தினதும் தப்பா கணக்குப் போடுதா? உடனே கம்பைலரைத் திட்டாதீங்க.

டிபி2-ல ஸ்மால்இன்ட் 32,767 வரைக்கும் போகும். அதை வாங்குற ஹோஸ்ட் வேரியபிளை எஸ்9(4) காம்ப்னு எழுதி, 9,999-ஐத் தாண்டாதுன்னு வாக்கு கொடுத்தது நாமதான். ட்ரங்க்(ஆப்ட்) போட்டா கம்பைலர் அந்த வாக்கை நம்பும். பழசு கண்டுக்காம விட்டிருக்கும். புதுசு வேகத்துக்காக இன்னும் அதிகமா நம்புது. காம்ப்-5 ஆக்கினா தீர்ந்தது.

ஆனா கம்பைல் ஆச்சு, பைண்ட் ஆச்சுன்னு கையெழுத்துப் போட்டுடாதீங்க மக்களே. 10,000-க்கு மேல ஒரு எண்ணைக் கொடுத்து, பழைய விடையோட ஒப்பிட்டுப் பாருங்க. இதுக்கெல்லாம் எரர் மெசேஜ் வராது. யாரோ ஒருத்தரோட பாலிசிப் பணம்தான் சத்தமில்லாம மாறும்.