மூக்கை அளந்தவர்களின் அறிவியல்

1891இல் ஹெர்பர்ட் ரிஸ்லி என்ற ஆங்கிலேய அதிகாரி வங்காளத்தின் சாதிகளைப் பற்றித் தன் அளவீடுகளை வெளியிட்டார். மூக்கின் அகலத்தை உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் ஓர் எண் வரும். எண் குறைந்தால் கூர்மையான மூக்கு. மூக்கு கூர்மையானால் உயர்ந்த சாதி. இதை ஒரு விதியாகவே அறிவித்தார். கருவி இருந்தது, அட்டவணை இருந்தது, தசமப் புள்ளிகூட இருந்தது. மனுவுக்குக் கேட்காமலே கிடைத்த அன்பளிப்பு! இவர்தான் பிறகு 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர்.

அதே 1891இல் பிறந்தவர் அண்ணல் அம்பேத்கர். 'வெள்ளைக்காரன் அறிவியல் நமக்கெதற்கு' என்று அவர் ஒதுங்கவில்லை. 1948இல் வந்த தீண்டப்படாதோர் பற்றிய நூலில், குர்யே தந்த மூக்களவுகளை மாகாணவாரியாக எடுத்துவைத்து, பார்ப்பனரும் தீண்டப்படாதோரும் வேறு வேறு இனம் என்பதை இந்த எண்களே மறுக்கின்றன என்று காட்டினார். மூக்கை வைத்து இனம் பிரிக்கும் வேலையையே மானுடவியல் பின்னர் கைவிட்டது. கருவியைக் கையில் எடுத்தவரெல்லாம் அறிவியலாளர் அல்ல. தன் முடிவு தவறாகிப்போகும் வழியைத் திறந்து வைத்திருப்பவரே அறிவியலாளர்.

அம்பேத்கர் தன் கருத்தையும் அப்படித்தான் வைத்தார். 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில், மக்கள் முதலில் கலந்தார்கள், பிறகு அகமணம் திணிக்கப்பட்டுச் சாதி உருவானது என்றார். கிட்டத்தட்ட நூறாண்டு கழித்து, 2013இல், துணைக்கண்டத்தின் 73 குழுக்களின் மரபணுக்களை ஆராய்ந்தவர்கள், சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை பரவலான கலப்பு நடந்தது, அதன்பின் அகமணம் இறுகியது என்றார்கள். கலப்பே நடக்கவில்லை என்று அந்த மரபணுக்கள் சொல்லியிருந்தால் அம்பேத்கரின் கருத்து அங்கேயே விழுந்திருக்கும். விழவில்லை.

இப்போது இதே ஆய்வைக் காட்டி 'பார்த்தீர்களா, சாதி ஜீனிலேயே இருக்கிறது' என்று யூடியூபில் வகுப்பெடுக்கிறார்கள். கதவை வெளியே பூட்டிவிட்டு, உள்ளே இருப்பவர்கள் வெளியே வராததற்கு அவர்கள் ரத்தமே காரணம் என்பது போன்ற வாதம் இது. மரபணு வேறுபாடு திருமணத் தடையின் விளைவு. தகுதி, திறமை பற்றி அந்த ஆய்வில் ஒரு வரிகூட இல்லை.

நம் பக்கத்திலும் ஒரு சோம்பல் உண்டு, தோழர்களே. அறிவியலே மேல்சாதி ஆண்களின் கட்டுக்கதை, எல்லா அறிவும் ஒன்றுதான் என்று பேசுவது முற்போக்காகத் தெரிகிறது. அப்படியானால் ரிஸ்லியின் மூக்குக் கணக்கும் ஓர் 'அறிவு' ஆகிவிடுமே, எதைக் கொண்டு மறுப்பீர்கள்? ஆய்வகத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது வேறு கேள்வி, அவசியமான கேள்வி. சாதியை ஆராயப் போகிறேன் என்றபோது, நேர்காணல் குழுவில் ஒருவர் "நீங்கள் அந்தச் சமூகம்தானே, உங்களால் புறவயமாக இருக்க முடியுமா?" என்று கேட்டார். என் ஆய்வுமுறை பற்றி, தரவு பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. எனக்கு முன் உள்ளே போன, கோயில் சடங்குகளை ஆராயும் அர்ச்சகர் குடும்பத்து நண்பரிடம் சாதியைப் பற்றிக் கேட்கவே இல்லையாம்.