"பூட்டேல்லையோ?" எண்டு கேக்கிறதை முதல்ல நிப்பாட்டுங்கோ

சைக்கிள் களவு போன வீட்டுக்கு வருகிற எல்லாரிடமும் ஒரு கேள்வி தயாராக இருக்கும். "ஏன், பூட்டேல்லையோ?" பக்கத்து வீட்டு அன்ரி கேட்பா. வீட்டுச் சொந்தக்காரர் கேட்பார். முறைப்பாடு எழுதப் போனால் மேசைக்கு அங்கால இருக்கிறவரும் அதையேதான் கேட்பார். களவெடுத்தவன் ஆளில்லை, பறிகொடுத்தவர் முன்னுக்கு நிற்கிறார். ஆகவே விசாரணை அவரில் தொடங்குகிறது. பூட்டினனாங்கள் என்று சொன்னால் அடுத்தது வரும்: "அப்ப ஏன் வெளியில விட்டனீங்கள்?" வளவுக்குள்ளதான் நின்றது என்றால், "கேற்றைப் பூட்டுறேல்லையோ?" கடைசியில் ஒரு ஆறுதல்: "சரி விடுங்கோ, சைக்கிள்தானே."

இந்த "சைக்கிள்தானே"யோடுதான் எங்களுக்குச் சண்டை.

யாருக்கு அது "தானே"? போர்ட்டிக்கோவில் காரும் மோட்டார் சைக்கிளும் நிற்கிறவருக்கு. விடிய முன்னம் சீவலுக்குப் போகிறவர், நாலு ஊர் தாண்டி வேலைக்குப் போகிற மேசன், மீன்பெட்டியைக் கரியரில் கட்டிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகத் திரிகிறவர், இவர்களுக்குச் சைக்கிள் போனால் அடுத்த நாள் உழைப்பும் போகிறது. பெண்பிள்ளைகளுக்கு இன்னும் மோசம். பஸ் ஓடாத ஊர்களில் ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்துக்கும் ரியூசனுக்கும் யாரையும் பார்த்துக்கொண்டு நிற்காமல் போய்வருவது சைக்கிளால்தான். அது களவு போன வீட்டில், "தனிய நடந்து வரவேண்டாம், ரியூசனை நிப்பாட்டு" என்று சொல்லிவிடுவது மிகச் சுலபம்.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு சைக்கிளைச் சின்னச் சாமான் என்று சொல்வதே ஒரு மறதி. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை. எங்கட அம்மா அப்பாக்கள் சைக்கிளைக் கவிட்டு வைத்துப் பெடலைச் சுத்தி, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். நோயாளியும் விறகும் நெல்லும் பிணமும் சைக்கிளில்தான் போயின. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, வீட்டில் இருந்ததில் எவ்வளவைக் கட்ட முடியுமோ அவ்வளவையும் கட்டி உருட்டியது சைக்கிளில். பிறகு 2022 வந்தது. மார்ச்சில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தாண்டியது. பெற்றோல் செட்டுகளில் நாள் கணக்கில் வரிசை. மூலையில் துருப்பிடித்துக் கிடந்த லுமாலாக்களையும் ரலிகளையும் தட்டித் துடைத்து எல்லாரும் திரும்ப ஏறினோம். புதுச் சைக்கிளின் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. அண்டைக்கு யாரும் "சைக்கிள்தானே" என்று சொல்லவில்லை. பெற்றோல் வந்ததும் வாய் மாறிவிட்டது.

சரி, பூட்டைப் பற்றியும் பேசுவம். பூட்டத்தான் வேணும். ஆனால் "பூட்டேல்லையோ?" என்று கேட்கிறவர்கள் எப்படிப் பூட்டுவது என்று ஒருநாளும் சொல்லித் தருவதில்லை. பின்சில்லில் சைக்கிளோடு வருகிற வளையப் பூட்டு, ஏறி ஓடுவதைத்தான் தடுக்கும். பின்பக்கத்தைத் தூக்கி உருட்டிக்கொண்டு போனால் ஒழுங்கை முடக்கு வரைக்கும் போதும், அங்கே ஓட்டோ நிற்கும். மெல்லிய கம்பி வயர்ப் பூட்டு ஒரு குறட்டுக்குத் தாங்காது. முன்சில்லை மட்டும் தூணோடு கட்டினால் காலையில் முன்சில்லு தூணோடு நிற்கும், மிச்சம் போயிருக்கும். சங்கிலி மூன்றைச் சேர்த்துப் பிடிக்கவேணும்: பிறேம், பின்சில்லு, அசையாத ஒன்று. அந்த அசையாத ஒன்று விறாந்தைத் தூணாக இருக்கலாம், சீமெந்தில் பதித்த இரும்பு வளையமாக இருக்கலாம். ஆமைப்பூட்டு நிலத்தில் கிடக்கக்கூடாது. நிலத்தில் கிடந்தால் அதுவே பட்டறை, மேலே இருந்து சுத்தியலால் ஒரு போடு போதும். அலவாங்கையும் மண்வெட்டியையும் கோடிப்புறத்தில் சாத்தி வைக்கிற பழக்கத்தையும் விடவேணும். களவெடுக்க வருகிறவன் ஆயுதம் கொண்டுவரத் தேவையில்லை, நாங்களே வைத்திருக்கிறோம். அதே அலவாங்குதான் சைக்கிளுக்குப் பிறகு குசினிக் கதவுக்கும் போகும்.

இதெல்லாம் சொந்த வீட்டுக்காரருக்குச் சரி. திருநெல்வேலி, கொக்குவில் பக்கம் அறை எடுத்து இருக்கிற மாணவர்களுக்கு? மன்னாரில் இருந்தும் மட்டக்களப்பில் இருந்தும் மலையகத்தில் இருந்தும் வந்து ஒரு அறையில் நாலு பேர் இருக்கிறோம். தலைக்கு இவ்வளவு என்று வாடகை. சைக்கிளை உள்ளே ஏத்தக்கூடாது, ரயர் பட்டு நிலம் ஊத்தையாகுமாம். தூணில் சங்கிலி போடக்கூடாது, பெயின்ற் உரியுமாம். வளையம் ஒன்று பதித்துத் தாங்கோ என்றால், "நீங்கள் நாளைக்குப் போற ஆக்கள்." பிறகு களவு போன காலையில் அதே வாய்தான் கேட்கிறது, "பூட்டேல்லையோ?" ஒரு இரும்பு வளையமும் ஒரு கைப்பிடி சீமெந்துக் கலவையும் ஒரு தலையின் ஒரு மாத வாடகையில் எத்தனை பங்கு வரும் என்று கணக்குப் பாருங்கோ.

அடுத்தது முறைப்பாடு. எங்கட பட்ச் தோழி ஒருவரின் சைக்கிள் போனபோது அவவிடம் கேட்டது, "பில் இருக்கா?" அந்தச் சைக்கிள் மீள்குடியேறிய காலத்தில் ஒரு நிறுவனம் வீட்டுக்குக் கொடுத்தது. போருக்குப் பிறகு வன்னியில் எத்தனையோ வீடுகளின் முதல் வாகனம் இப்படி வந்ததுதான். நன்கொடைக்கு யார் பில் தருவார்? தம்பிக்கு அண்ணா விட்டுப்போன சைக்கிளுக்கு, இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து மிஞ்சின சைக்கிளுக்கு எங்கே பில்? பில் இருந்தால் உதவும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பில் இல்லாததால் முறைப்பாடே இல்லை என்று ஆகாது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 109ஆம் பிரிவைப் பாருங்கோ. வாயால் சொல்கிற தகவலை எழுத்தில் எடுக்கவேணும், சொன்னவரின் மொழியில் எடுக்கவேணும், வாசித்துக் காட்டவேணும். தமிழில் சொன்னால் தமிழில். வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வையுங்கோ என்றால் வைக்காதேங்கோ. "சைக்கிளுக்கெல்லாம் என்ட்ரி போடுறதோ" என்று சிரித்தால், 1883இன் தண்டனைச் சட்டக்கோவையே வசிக்கிற வீட்டுக்குள் நடக்கிற களவைத் தனிக் குற்றமாக எடுத்துக் கூடின தண்டனை வைத்திருக்கிறது என்று சொல்லுங்கோ. அந்த வீட்டில் இருந்து போனது சைக்கிளா சங்கிலியா என்று அது கேட்கவில்லை.

இனிக் கசக்கிற பகுதி. களவு போன சைக்கிள் எங்கே போகிறது? காற்றில் கரைவதில்லை. பெயின்ற் மாறி, ஹாண்டில் மாறி, சில்லு வேற பிறேமில் ஏறி எங்கட ஊருக்குள்ளேயே ஓடுகிறது. வாங்குகிற ஆள் இருப்பதால்தான் விற்கிற ஆள் இருக்கிறான். அரைவிலைக்கு ஒரு நல்ல சைக்கிள் வந்தால், "எங்கால வந்தது?" என்று கேட்காமல் காசைக் கொடுக்கிறவரும் இந்தக் களவில் பங்காளி. களவுப் பொருள் என்று தெரிந்துகொண்டே வாங்கி வைத்திருப்பதும் குற்றம்தான்.

வித்தோரியோ டி சிகாவின் 'பைசிக்கிள் தீவ்ஸ்' (1948) பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. படுக்கை விரிப்புகளை அடகு வைத்து மீட்ட சைக்கிள், வேலைக்குப் போன முதல் நாளே களவு போகிறது. முறைப்பாட்டை எழுதிக்கொண்ட பொலிஸ்காரர் நீயே தேடிக்கொள் என்கிற மாதிரி அனுப்பிவிடுகிறார். தகப்பனும் மகனும் தேடிப் போவது ரோமின் பழைய சாமான் சந்தைக்கு. அங்கே பிறேம் வேறு, ரயர் வேறு, மணி வேறாகக் குவிந்து கிடக்கிறது. பெயின்ற் அடிபட்டுக்கொண்டிருக்கிற ஒரு பிறேமின் இலக்கத்தைக் காட்டச் சொல்லி அன்ரோனியோ சண்டை பிடிக்கிறான். எழுபத்தைந்து வருசத்துக்கு மேல் போய்விட்டது, நாங்கள் இன்னும் அந்த இலக்கத்தைப் பார்க்கப் பழகவில்லை.

பெரும்பாலான சைக்கிள்களில் பெடல் அச்சுக்குக் கீழே, இல்லாவிட்டால் சீற்றுக்குக் கீழே உள்ள குழாயில் ஒரு இலக்கம் அடித்திருக்கும். இண்டைக்கே கவிட்டுப் பாருங்கோ. போனில் படம் எடுங்கோ, முழுச் சைக்கிளையும் உங்களோடு சேர்த்து ஒரு படம் எடுங்கோ. இலக்கம் இல்லாவிட்டால், அல்லது தேய்ந்திருந்தால், பேரும் அடையாள அட்டை இலக்கமும் எழுதின கடதாசியைப் பொலித்தீனில் சுற்றிச் சீற்றுக் குழாய்க்குள் இறக்கிவிடுங்கோ. பெயின்ற் அடிக்கிறவன் அதைப் பார்க்கமாட்டான்.

ஆனால் இதையும் தனித்தனி ஆளின் கெட்டித்தனமாக விட்டுவிட எங்களுக்கு விருப்பமில்லை. சைக்கிளுக்கு லைசன்ஸ் எடுத்து, சபை தந்த சின்னத் தகட்டைப் பூட்டி ஓடின காலத்தை வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கோ. தகட்டைக் கழற்ற ஒரு திருப்புளி போதும். சபைகள் செய்யவேண்டியது பிறேம் இலக்கத்தைச் சொந்தக்காரரின் பேரோடு பதிந்து, களவு போனால் தேடக்கூடிய ஒரு பட்டியல் வைப்பது. பழைய சைக்கிள் வாங்கி விற்கிற கடைகள் விற்கிறவரின் அடையாள அட்டை இலக்கத்தையும் பிறேம் இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதுவது. ஒரு கொப்பிக்கு என்ன செலவு? மாணவர் சங்கங்கள் புதுமுக மாணவர் வருகிற கிழமையில் ஒரு மேசை போட்டுச் சைக்கிள் பதிவதை ஆரம்பிக்கலாம். சபை வரட்டும் என்று பார்த்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை.

இன்னுமொன்று. சைக்கிள் கள்ளனைப் பிடித்தால் மரத்தில் கட்டி அடிக்கிறது, அதை வீடியோ எடுத்துப் பேஸ்புக்கில் போடுகிறது. கீழே சிரிப்புக் குறிகள். அடிவாங்குகிறவன் அநேகமாகப் பதினெட்டு, இருபது வயதுப் பெடியன். அவனிடம் வாங்கி விற்கிறவரின் படம் ஒருநாளும் வருவதில்லை. அவருக்குக் கடையும் மரியாதையும் இருக்கிறது. டி சிகாவின் படமும் கடைசியில் அங்கேதான் வருகிறது: பறிகொடுத்தவனே களவெடுக்கப் போய்ப் பிடிபட்டு, மகனுக்கு முன்னால் அடி வாங்குகிறான். அடித்துத் திருத்தின ஊர் ஒன்றையும் நாங்கள் காணவில்லை. முறைப்பாடு எழுதவேண்டிய கை அடிக்க ஓங்கினால், எழுதாமல் விட்டவருக்கும் வாங்கி விற்றவருக்கும் அதைவிட வசதி இல்லை.

ஆகவே அடுத்த முறை பக்கத்து வீட்டில் சைக்கிள் போனால் "பூட்டேல்லையோ?" என்று கேட்காதேங்கோ. "பிறேம் நம்பர் இருக்கா? வாங்கோ, என்ட்ரி போட நானும் வாறன்" என்று சொல்லுங்கோ.