பட்டம் விட்டால் விமானம் பறக்குமா?

தல்லாகுளத்திலே தோழர் ஒருவரைச் சந்தித்தோம். பட்டறையிலே இரும்படித்து இரும்படித்துக் கை காய்த்துப் போனவர். "பையனை விமான இன்ஜினீயருக்குச் சேர்க்கிறேன், தம்பி! பல்கலைக் கழகப் பட்டமாம். வீட்டிலே இருந்த நகையை அடகு வைத்துவிட்டேன்" என்றார்.

மகிழ்ந்தோம். 1953-லே குலக்கல்வித் திட்டம் கண்ட நாட்டிலே, பட்டறைக்காரர் மகன் விமானத்தைப் பழுது பார்க்கப் போகிறான் என்றால் மகிழாமல் இருப்போமா? ஆனால் கேட்டோம்: "பட்டம் சரி, அண்ணே, உரிமம்?"

விழித்தார்!

தோழர்களே, பட்டம் தருவது பல்கலைக் கழகம்; உரிமம் தருவதோ டில்லியிலே உள்ள சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். பட்டத்தை மாலையாக்கிக் கழுத்திலே போட்டுக்கொண்டு போனாலும், உரிமம் இல்லாதவன், 'பறக்கலாம்' என்று கையொப்பமிட முடியாது. அந்தக் கையொப்பம் இல்லையேல், அமைச்சரே ஏறி அமர்ந்திருந்தாலும் விமானம் அசையாது!

எளிதிலே கிடைப்பதா அது? இயக்குநரகத்தின் தேர்வுகள், ஒவ்வொரு பாடத்திலும் நூற்றுக்கு 75 வேண்டும். எண்ணெயும் வியர்வையுமாக விமானத்தடியிலே நின்று பெற்ற அனுபவம் வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட நிலையத்திலே படித்தவனுக்கு அந்த அனுபவ ஆண்டுகள் குறையும், மற்றவனுக்குக் கூடும். உரிமம் பெற்ற பின்னரும், எந்த ரக விமானமோ அந்த ரகத்துக்குத் தனிப் பயிற்சி! இதையெல்லாம் விளம்பரத் தாளிலே அச்சடிப்பார்களா? வானூர்திப் படத்தைத்தான் அச்சடிப்பார்கள்.

புஷ்பக விமானம் பற்றிக் கதை சொல்வோர் உண்டு. அதற்கு எண்ணெய் விட்டவன் பெயரைச் சொன்னவர் உண்டா? 1903-லே ரைட் சகோதரர்கள் பறந்தார்கள் என்பது உலகறிந்த செய்தி. ஆறு வாரத்திலே அந்த எஞ்சினைச் செய்து தந்தவர், அவர்களது சைக்கிள் கடைத் தொழிலாளி சார்லி டெய்லர்!

அடகு வைப்பது இழிவல்ல. 1950-களிலே, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படிக்க இராமேசுவரத்து அப்துல் கலாம் இடம் பெற்றபோது, ஆயிரம் ரூபாய்க்காகத் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தவர், அவர் தமக்கை ஜொஹரா. அந்த நகை வீண்போகவில்லை. நம் தோழர் வீட்டு நகையும் வீண்போகலாகாது என்பதே நம் கவலை.

ஆகவே சொன்னோம்: "பணம் கட்டுமுன் கேளுங்கள், அண்ணே. சி.ஏ.ஆர். 147 அங்கீகாரம் உண்டா? இன்றும் செல்லுபடியாகிறதா? எஞ்சின் பிரிவுக்கா, மின்னணுப் பிரிவுக்கா? எங்கே, எந்த விமானத்திலே பயிற்சி? வாய்ச்சொல் வேண்டாம், தாளைக் காட்டச் சொல்லுங்கள்."

அடகுச் சீட்டின் பின்புறத்திலேயே, 147 என்று எழுதிக்கொண்டார்.