டீபக் வரி பழுதின் அறிகுறி அல்ல

டேட்டாபேஸ் சர்வரின் லாக் கோப்பில் வரும் டீபக் வரி, சர்வர் இப்போது எந்த வேலையில் இருக்கிறது என்பதை நிரலாளருக்குச் சொல்வதற்காக எழுதப்படுவது. லாக்கில் புரியாத வரி கண்ணில் பட்டாலே சர்வருக்கு ஏதோ கோளாறு என்று நம்புகிறவர்கள், சென்னைப் பகுதியில் தாம்பரம் மெப்ஸ் வளாகம் முதல் சோழிங்கநல்லூர், சிறுசேரி வரை எங்கும் இருக்கிறார்கள். இரவு ஷிப்டில் இருப்பவர் டிக்கெட் போடுகிறார்; அது மேலே மேலே போகிறது; கடைசியில் ஒருவர் “ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க” என்கிறார். நன்றாக ஓடும் சர்வர்கள் இந்த நம்பிக்கையால்தான் நிறுத்தப்படுகின்றன.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் லாக்கில் டீபக் 5 முதல் டீபக் 1 வரை ஐந்து படிகள் உண்டு. அவற்றுக்கு மேலே இன்ஃபோ, நோட்டீஸ், வார்னிங், எரர், லாக், ஃபேட்டல், பேனிக். யாரும் எதையும் மாற்றாத சர்வரில் வார்னிங் முதல்தான் கோப்பில் ஏறும். எனவே டீபக் வரிகள் வருகின்றன என்றால் யாரோ அமைப்பை மாற்றியிருக்கிறார்கள். விசாரிக்க வேண்டியது அதைத்தான். பெயரின் கடுமையை நம்பியும் பயனில்லை: கடவுச்சொல்லைத் தப்பாக அடித்தாலே ஃபேட்டல் வரும், அந்த ஒரு இணைப்பு மட்டும் முடியும். பேனிக் வந்தால் எல்லா இணைப்புகளும் அறுபடும்.

அதிகம் பயமுறுத்துவது ‘அன்எக்ஸ்பெக்டட் இ.ஓ.எஃப். ஆன் கிளையன்ட் கனெக்‌ஷன்’ என்ற வரி. செயலி சொல்லாமல் கொள்ளாமல் இணைப்பை விட்டுப் போய்விட்டது என்பதே அதன் பொருள். அப்போது பரிவர்த்தனை எதுவும் திறந்திருக்கவில்லை என்றால் போஸ்ட்கிரெஸ் இதை டீபக் 1 ஆக எழுதுகிறது. தரவில் இழப்பு ஏதும் இல்லை. பரிவர்த்தனை பாதியில் இருந்தால், ‘வித் அன் ஓப்பன் டிரான்சாக்‌ஷன்’ என்று சேர்த்து லாக் நிலையில் எழுதுகிறது. அந்தப் பரிவர்த்தனை ரத்தாகிவிட்டது. செயலியை உடனே பார்க்க வேண்டும். வரியின் வாசகத்தை மட்டும் படித்து அதன் முன்னால் உள்ள நிலையைப் படிக்காதவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். ‘எக்ஸிட் 0’ வரியும் பயப்பட வேண்டியதல்ல: பூஜ்யம் என்றால் வேலை பிழையின்றி முடிந்தது. தாம்பரம்–கடற்கரை மின்சார ரயில் ஒவ்வொரு நிலையத்திலும் நிற்பதை யாரும் பழுது என்பதில்லை.

பயத்தில் செய்யும் ரீஸ்டார்ட் எல்லா இணைப்புகளையும் அறுக்கிறது. நினைவகத்தில் சேர்ந்திருந்த பக்கங்கள் போய், அதன்பின் சிறிது நேரம் வினவல்கள் மெதுவாகின்றன. இன்னொரு சாரார் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று டீபக்கை எப்போதும் திறந்தே வைக்கிறார்கள். லாக்குகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்லும் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் உத்தரவையும் காரணம் காட்டுவார்கள். அந்த உத்தரவு டீபக் நிலையைக் கேட்கவில்லை. லாக் கோப்பும், தரவு மாற்றங்களை முன்கூட்டியே பதியும் ‘வால்’ (WAL) கோப்புகளும் ஒரே வட்டில் இருந்து, டீபக் வரிகளால் அது நிரம்பிவிட்டால், வால் எழுத இடமின்றி சர்வர் பேனிக் ஆகி நின்றுவிடும். பழுதைக் கண்டுபிடிக்கத் திறந்த டீபக்கே அப்போது பழுதாகிறது.

பழுதைத் தேடும் வேலை முடிந்த அன்றே நிலையை வார்னிங்குக்குத் திருப்புங்கள். சர்வரை நிறுத்த வேண்டாம், அமைப்புக் கோப்பை மறுபடி படிக்கச் செய்தால் போதும்.